ஆங் சொல்லக் கூடாது

கப்பல் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில், காலையில் கருவிக் கிடங்கின் சன்னல் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால், உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று தோன்றும். கொடுப்பதைவிடப் பிடுங்குவதுதான் அதிகம். உயரத்தில் ஏறப்போகிறவன் சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் கவிழ்த்து, இருப்பதையெல்லாம் ஒரு தகரத் தட்டில் கொட்ட வேண்டும். சாவிக்கொத்து, சில்லறை, லைட்டர், சீப்பு, போன், பேனா. சீப்பைக் கொடுக்க ரொம்ப யோசிப்பவர்கள் பெரும்பாலும் வழுக்கைத் தலைக்காரர்கள். தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண் ஒவ்வொரு கருவிக்கும் வால் மாட்டிக் கொடுப்பாள்.

வால் என்பது இரண்டு முனையிலும் கொக்கி வைத்த சுருள் கயிறு. ஒரு கொக்கி கருவியின் வளையத்தில், இன்னொன்று ஏறுகிறவனின் இடுப்புப் பட்டையில். கை நழுவினால் ஸ்பேனர் அந்தரத்தில் தொங்குமே தவிரக் கீழே போகாது. அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்றைப் பெட்டியின்மேல் அச்சடித்திருந்தார்கள். அதை யாரும் வாய்விட்டுப் படித்ததில்லை. வால் என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அப்படித்தான் அவளுக்கும் வால் அக்கா என்று பெயர் வந்தது. அந்தப் பட்டறையிலேயே வால்தனம் துளிகூட இல்லாத ஆள் அவள்தான்.

கிரேன் ஓட்டுகிற பெரியவர் தினமும் வம்புக்கு இழுப்பார். "ஏம்மா, என் பல்செட்டுக்கு ஒரு வால் போட்டுக் குடேன். மேல ஒக்காந்து தும்மினா, அது பாட்டுக்குக் கீழ போயி யாரையாவது கடிச்சு வச்சிரப் போவுது."

வரிசையே சிரிக்கும். அவள் சிரிக்க மாட்டாள். இழுப்பறையைத் திறந்து இருப்பதிலேயே மெல்லிய கயிறாக ஒன்றை எடுத்து, "வாயத் தொறங்க. அளவு பாக்கணும்" என்பாள். விளையாட்டா, நிஜமாகவே சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவளுக்குச் சிரிப்பு வராமல் இல்லை. சிரிப்பு இருக்கிற இடம் அவளுக்குத் தெரிந்தது. அங்கே போக வழி தெரியவில்லை. அழுகையும் அப்படித்தான். வீட்டுக்காரர் இறந்ததிலிருந்து உள்ளே எல்லாம் மரத்துப் போயிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் அழுதார்கள். அவள் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "என் அண்ணன் போனதுக்கு இவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலியே, கல்லா இது?" என்று நாத்தனார் கூடத்தில் உட்கார்ந்து கேட்டாள். அவள் அடுக்களையில் இருந்து அதைக் கேட்டாள். வலிக்க வேண்டிய பேச்சுதான் என்று மட்டும் தோன்றியது.

அதற்கு முன்னால் அவள் வீட்டிலேயே பள்ளிக்கூடப் பைகள் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் பட்டறையில் பெயின்டர். அவர் போனபிறகு நிர்வாகம் அவளைக் கூப்பிட்டுக் கிடங்கில் வேலை கொடுத்தது. ஓர் ஆளை எடுத்துக்கொண்டு ஒரு நாற்காலியைக் கொடுத்தார்கள். தையல் தெரிந்த கை என்பதால் இடுப்புப் பட்டையில் எங்கே நூல் இற்றிருக்கிறது, எந்தக் கொக்கியின் வாய் தளர்ந்திருக்கிறது என்று தடவியே சொல்லிவிடுவாள். இற்றுப்போன பட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிடுவாள். "நல்லாத்தானக்கா இருந்துச்சு" என்று எவனாவது முனகினால், "நல்லா இருக்கும்போதே வெட்டிரணும். அப்புறம் வெட்டி என்ன பண்ண?" என்பாள்.

பெயின்டர் எப்படிச் செத்தார் என்பது பட்டறைக்கே மனப்பாடம். கப்பலின் முன்பக்கத்துக் கம்பத்தில் ஒரு பெரிய விளக்கு. கடலில் ஆடி ஆடி அதன் மரைகள் தளர்ந்திருந்தன. அதை இறுக்கி, மரை தானாகக் கழன்றாலும் விளக்கு விழாதபடி இரும்புக் கம்பியால் இரண்டாவது கட்டும் போட்டுவிட்டு வர இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் மேஸ்திரி. இன்னொருவன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. எந்தச் சந்து பொந்திலும் நுழைந்து ஏறுவான் என்பதால் அணில் என்று அவனைக் கூப்பிடுவார்கள். விளக்கு விழக்கூடாது என்று கட்டப் போனவர்கள் ஸ்பேனரை விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. விளக்கு விழவே இல்லை. கம்பீரமாக இப்போதும் எந்தக் கடலிலோ எரிந்துகொண்டிருக்கும்.

உயரத்தில் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்குக் கருவி போவதற்குப் பட்டறையில் கைமாத்து என்று பெயர். வாலில் தொங்கும் கருவிக்கு ஆபத்தே அந்தக் கைமாத்தில்தான். வாங்குகிறவன் முதலில் தன் கொக்கியை மாட்ட வேண்டும். பிறகுதான் கொடுக்கிறவன் தன் கொக்கியைக் கழற்ற வேண்டும். ஒரு நொடி இரண்டு பேருடைய வாலிலும் அது இருக்கும். முறை மாறிப்போனால் ஒரு நொடி அது யாருடையதுமாக இருக்காது. மேஸ்திரி மேல் படியிலிருந்து குனிந்து, "மாட்டியாச்சா?" என்று கேட்டார். கீழ்த்தட்டில் அந்தப் பக்கம் திரும்பி நின்ற அணில் "ஆங்" என்றான். மேஸ்திரி தன் கொக்கியைக் கழற்றிக் கையை விட்டார்.

கம்பத்துக்குக் கீழே யாரும் வரக்கூடாது என்று கயிறு கட்டி மறித்திருந்தார்கள். பெயின்டர் கயிற்றுக்கு வெளியேதான் நின்றார். தலைக்கவசமும் போட்டிருந்தார். ஸ்பேனர் நேராக விழவில்லை. நடுவில் ஒரு கைப்பிடிக் கம்பியில் பட்டு எகிறி, கயிற்றைத் தாண்டி, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று அந்தப் பட்டறையில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குத் தலைப்பாகை சும்மா இருந்தது.

நம் பேச்சில் இந்த ஆங் இருக்கிறதே, அதைப்போல ஊரைக் கெடுக்கிற சொல் வேறு கிடையாது. அழுத்திச் சொன்னால் சரி என்று அர்த்தம். நுனியைத் தூக்கிச் சொன்னால் என்ன, காதில் விழவில்லை என்று அர்த்தம். எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். கம்பத்து உச்சியில், காற்று வாரியடிக்கும்போது, முதுகைக் காட்டி நிற்கிறவன் சொன்னது எந்த ஆங் என்று யார் கண்டது?

விசாரணையில் மேஸ்திரி, "ஆங்னு தெளிவா சொன்னான் சார். அதுக்கப்புறம்தான் கழட்டினேன்" என்றார். அணிலை மறுபடி மறுபடி கேட்டார்கள். "ஞாபகம் இல்ல சார்" என்பதைத் தவிர வேறு பேச்சு அவன் வாயிலிருந்து வரவில்லை. பெயின்டருக்கு அன்றைக்கு வேலை கப்பலின் பின்பக்கம், முன்பக்கம் எதற்கு வந்தார் என்றும் கேட்டார்கள். தின்னர் தீர்ந்து எடுக்க வந்திருப்பார் என்று யாரோ சொல்ல, அதையே எழுதிக்கொண்டார்கள். மேஸ்திரி வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டார். கண் கெட்டபிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல கிடங்குச் சன்னலுக்கு மேலே ஒரு பலகை ஏறியது: 'ஆங் சொல்லக் கூடாது. முழுவதும் சொல்லவும்.'

சும்மா இருப்பார்களா நம் ஆட்கள்? "தாங்கள் அளித்த ஸ்பேனரை அடியேன் பெற்றுக்கொண்டேன் ஐயா" என்று மேடை நாடகம் போலக் கத்துவார்கள். டீ வாங்கும்போதும், "தேநீர் என் வசம் வந்து சேர்ந்தது, கோப்பையை விடலாம்." அவள் காதுபட மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்த அளவுக்கு நல்லவர்கள்தான்.

ஆனால் டீ நேரத்தில் பட்டறை இரண்டாகப் பிரிந்துவிட்டது. அவன் சரி என்றுதான் சொன்னான், கவனம் இல்லாமல் சொன்னான் என்று ஒரு கட்சி. அவன் என்ன என்றுதான் கேட்டான், அவசரக்கார மேஸ்திரி கழற்றிவிட்டார் என்று இன்னொரு கட்சி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளுக்கு வேண்டியதும் அந்த ஒரே பதில்தான். என்ன என்று கேட்டிருந்தால் தம்பிமேல் பிழை இல்லை. அவன் பழையபடி வீட்டுக்கு வரலாம், தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரலாம். மாட்டாமலே சரி என்று சொல்லியிருந்தால் அவன் முகத்தில் விழிக்க முடியாது. தெரியாதவரை வாவென்றும் சொல்ல முடியவில்லை, போவென்றும் சொல்ல முடியவில்லை. அவன்மேல் கோபம் வந்திருந்தாலாவது பிடித்துக்கொள்ள ஒன்று இருந்திருக்கும். கோபமும் வரவில்லை.

அவன் இரண்டு தெரு தள்ளி ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தான். முன்பெல்லாம் அங்கே தூங்குவதோடு சரி. மற்ற நேரமெல்லாம் அக்காள் வீடுதான். அதற்குப் பிறகு அவன் இந்தத் தெருவுக்கே வருவதில்லை. ஏறுகிற வேலையையும் விட்டுவிட்டு, தண்ணீர் வடித்த தொட்டிக்குள் இறங்கி, கப்பலின் அடிவயிற்றில் பாசி சுரண்டிக்கொண்டிருந்தான். சாப்பிடும்போது மகள் ஒரு நாள், "மாமா எங்க ஸ்கூல் வாசல்ல நின்னாரும்மா. கூப்பிட்டேன், கிட்ட வரல" என்றாள்.

"சாப்பிடு. ஆறிப்போவுது."

"ஏம்மா மாமா வர்றதில்ல?"

"சாப்பிடுன்னு சொன்னேன்."

தட்டில் இருந்ததைத் தானும் வரிசையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். உப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்காது.

இப்படியே போயிருக்கும். ஆனால் ஒரு பழைய கப்பல் வந்தது. அதன் உச்சிக் கம்பத்தில் ரேடாரைத் தாங்கும் இரும்பு துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. எப்போது வேண்டுமானாலும் தளத்தின்மேல் வந்து விழலாம். கம்பத்துக்குள்ளே போகும் வழியோ பூனைக்கே போதாத சந்து. அணிலை விட்டால் அந்த உடம்பு யாருக்கும் இல்லை. புது மேஸ்திரி அவனைக் கூப்பிட்டு, ஏறுகிறாயா இல்லை கணக்கைத் தீர்த்துக்கொண்டு போகிறாயா என்று ஒரே பேச்சாகக் கேட்டுவிட்டார். இங்கே விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

மறுநாள் காலை வரிசையில் அவன் நின்றான். கிரேன் பெரியவருக்கு முன்னால். தலையை நிமிர்த்தாமல் தட்டில் பைகளைக் கவிழ்த்தான். ஒரு சாவி, கசங்கிய கைக்குட்டை, அவ்வளவுதான். இடுப்புப் பட்டையை ஏற்கெனவே கட்டியிருந்தான்.

"பெரிய ஸ்பேனர் ஒண்ணு. சுத்தியல். கம்பிச் சுருள், வெட்டுற குறடு" என்றான். அக்கா என்று சொல்லவில்லை.

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். மூன்றுக்கு வால் மாட்டினாள். ஸ்பேனரை எடுத்ததும் கை நின்றது. அதைச் சன்னல் பலகைமேல் வைத்து, அதன்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒண்ணு கேக்கறேன். சொல்லிட்டு வாங்கிட்டுப் போ."

அவன் ஸ்பேனர் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான்.

"அன்னைக்கு நீ சரின்னு சொன்னியா, என்னன்னு கேட்டியா?"

பெரியவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாபகம் இல்ல."

"அது அவங்களுக்குச் சொன்னது. நான் கேக்கறேன். ரெண்டுல எது?"

"ரெண்டும் இல்லக்கா."

சொன்னபிறகுதான், சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டான். பரபரவென்று இடுப்புப் பட்டையை அவிழ்த்துப் பலகைமேல் வைத்தான். "எனக்கு இந்த வேலை வேணாம். நான் போறேன்."

வேலையே போனாலும் சரி என்று ஒருவன் ஒரு சொல்லை வாய்க்குள்ளேயே பூட்டி வைக்கிறான் என்றால், அது அவனைக் காப்பாற்றுவதற்காக இருக்க முடியாது. அவனைத்தான் அது காப்பாற்றவே இல்லையே. பையில் தையல் போட்டால் ஊசி எங்கே நுழைந்து எங்கே வரும் என்று பார்க்கிறவள் அவள். பார்த்தாள். மேஸ்திரிக்குச் சொன்ன சரி இல்லை. மேஸ்திரியிடம் கேட்ட என்னவும் இல்லை. அப்படியென்றால் அந்த ஆங் மேஸ்திரிக்கே இல்லை. அந்த இடத்தில் இன்னும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

"உன் மாமாவுக்கா சொன்னே?"

அவன் திரும்பி நடக்கப் போனான். அவள் சன்னல் வழியே கையை நீட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்கு வேலை பின்பக்கம். முன்பக்கம் எதுக்குடா வந்தார்?"

"வேணாம்க்கா. விட்டுரு."

அவர் கடைசியாக வேலைக்குப் போன அந்தக் காலைப்பொழுதை அவள் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்க அதில் ஒன்றும் இல்லை என்று இருந்தாள். அறையில் பீரோ சன்னலைப் பாதி அடைத்துக்கொண்டு நின்றது. தைக்க வெளிச்சம் போதவில்லை. அதை எதிர்ச்சுவருக்குத் தள்ள வேண்டும், இரண்டு ஆளாவது வேண்டும். அவர் செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "என்னங்க, தம்பிய சாயங்காலம் வரச் சொல்லுங்க. பீரோவ நகர்த்த ஒரு கை குடுக்கட்டும்." அவர் தெருவில் இறங்கியதும் மறுபடி சொன்னாள். அந்த மனுஷனிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புவதும் கிணற்றில் போடுவதும் ஒன்று. உப்பு வாங்கப் போனால் சோப்போடு வருவார். அன்றைக்கும் மறந்துதான் போயிருப்பார் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"பீரோவா?" என்று கேட்டாள். "பீரோவச் சொல்லத்தான் வந்தாரா?"

அவன் முகம் கோணிப் போயிற்று. "கயித்துக்கு வெளிய நின்னு மேல பாத்துக் கத்தினாருக்கா. மாப்ள, அக்கா சாயங்காலம் வரச் சொன்னா, பீரோவ நகர்த்தணுமாம், மறந்துட்டேன்னா என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவான்னு. சிரிச்சிட்டே சொன்னார். நான் அவர்கிட்டதான் ஆங்னேன். மேஸ்திரி என்ன கேட்டாருன்னு எனக்குக் கேக்கவே இல்ல. சத்தியமா கேக்கலக்கா."

"இத ஏன்டா இத்தனை நாளா சொல்லல?"

"உங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அதுதான். அவரை அங்கே அனுப்பியது அவள். இதை அவளிடம் சொல்ல முடியாமல்தான் இவன் ஊர்ப்பழி மொத்தத்தையும் தலையில் போட்டுக்கொண்டு கப்பலின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளோ, அவனுக்கு வீட்டில் இடம் கொடுக்கலாமா கூடாதா என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

வலித்தது. மரத்த காலை ஊன்றினால் ஊசி ஊசியாகக் குத்துமே, அப்படி நெஞ்சுக்குள் முழுக்கக் குத்தியது. அவர் மறக்கவில்லை. கையெல்லாம் பெயின்டோடு அவ்வளவு நீளக் கப்பலை நடந்து கடந்து, அவள் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். அவள் சத்தம் போட்டு அழுதாள். சன்னல் பலகையில் தலையை வைத்துக்கொண்டு, வரிசை முழுக்கப் பார்க்க, கல் என்று நாத்தனார் சொன்ன அந்தப் பெண் அழுதாள். அணில் வெளியே நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெரியவர் பின்னால் திரும்பி, "என்னடா பாக்கறீங்க, அந்தப் பக்கம் திரும்புங்கடா" என்று அதட்டினார். எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்துக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவன் அவிழ்த்து வைத்த பட்டையை எடுத்து விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள். அவன் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். இளைத்துப் போயிருந்தான், பட்டையைக் கடைசித் துளைவரை இழுக்க வேண்டியிருந்தது. ஸ்பேனருக்கும் வால் போட்டாள். நான்கு கருவிகளின் கொக்கிகளையும் பட்டையில் மாட்டி, ஒவ்வொன்றையும் பலமாக இழுத்துப் பார்த்தாள். ஸ்பேனரை மட்டும் இன்னொரு தடவை இழுத்தாள்.

"பீரோ இன்னும் அங்கயேதான்டா நிக்குது," என்றாள். "சாயங்காலம் வா. என்னால தனியா முடியல."